காபி வாங்கும்போது ரகத்தையும் கேளுங்கள்

மாம்பழக் கடையில் இமாம்பசந்தா, பங்கனப்பள்ளியா என்று கேட்காமல் யாரும் கூடையில் கை வைப்பதில்லை. காபித்தூள் கடையிலோ ‘பீபெரியா, பிளான்டேஷன் ஏ-யா, சிக்கரி எத்தனை’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இவை எதுவுமே ரகம் அல்ல. காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டைகள் இருக்கும். ஒன்று மட்டும் உருண்டு திரண்டால் அது பீபெரி. பிளான்டேஷன் ஏ என்பது, கழுவிப் பதப்படுத்திய அராபிகாவில் கொட்டையின் அளவை வைத்துச் சொல்லும் தரம். எந்தச் செடியில் காய்த்தது என்பதை இரண்டுமே சொல்வதில்லை. மண்ணாலும் உயரத்தாலும் வறுவலாலும், அந்தச் செடி கொடுக்கும் மணத்தைத்தான் கூட்டவோ குறைக்கவோ முடியும்.

அராபிகாவின் தாய்வீடு தென்மேற்கு எத்தியோப்பியாவின் மலைக்காடுகள். பெயரே வைக்காத செடிகள் அங்கே இன்றும் ஏராளம். ஆனால் உலகம் முழுக்கப் பரவியவை அதில் ஒரு கைப்பிடி விதையின் வாரிசுகள்தான். எத்தியோப்பியாவிலிருந்து ஏமனுக்குப் போன செடி, அங்கிருந்து இரண்டு வழியாகப் பிரிந்தது. இந்தியா, ஜாவா என்று வந்து, 1706இல் ஆம்ஸ்டர்டாம் தோட்டத்தை அடைந்து, பிறகு அமெரிக்கக் கண்டம் போனது டிப்பிகா. பிரெஞ்சுக்காரர்கள் பூர்பன் தீவுக்கு, அதாவது இன்றைய ரீயூனியனுக்குக் கொண்டுபோனது பூர்பன். அராபிகா தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் செடி என்பதால் பேரன் பேத்திகளும் ஒரே சாயலில் இருக்கும். ஒரு நோய் வந்தால் தோட்டமே சாய்வதும் அதனால்தான்.

இந்தச் சிறு குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்தது கெய்ஷா. 1930களில் எத்தியோப்பியக் காட்டில் சேகரித்த விதை, தான்சானியாவின் லியாமுங்கு ஆய்வு நிலையம் வழியாக 1953இல் கோஸ்டாரிகாவின் துரியால்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. இலைத்துரு நோயைத் தாங்கும் என்று சொல்லி 1960களில் பனாமா விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பிடிக்கவில்லை. கிளை சட்டென்று முறிந்தது, காய்ப்பும் குறைவு. பல ஆண்டுகள் அதைச் சீந்துவாரில்லை. பொகேதே பகுதியில் லா எஸ்மரால்டா தோட்டம் நடத்தும் பீட்டர்சன் குடும்பத்தார், ஒவ்வொரு சரிவின் விளைச்சலையும் தனித்தனியே பிரித்து ருசி பார்த்தபோதுதான், உயரத்தில் நின்ற அந்தச் செடிகளின் கொட்டை மட்டும் வேறாக மணத்தது. 2004 ஏலத்தில் பவுண்டுக்கு 21 டாலர் கிடைத்தது. அன்றைக்கு அது கேள்விப்படாத விலை. 2019இல் இன்னொரு பனாமா தோட்டத்தின் கெய்ஷா 1,029 டாலருக்குப் போனது.

அப்படி என்ன அதில்? கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் மல்லிகை வாசம் எழும். சூட்டோடு குடித்தால் எலுமிச்சைத் தோலின் மணம். ஆற ஆற பீச் பழமும் தேனும் வெளியே வரும். கசப்பு மிகக் குறைவு. டிகிரி காபியின் கெட்டியை எதிர்பார்ப்பவருக்கு முதல் வாய் ஏமாற்றமாகவே இருக்கும். கொஞ்சம் ஆறவிட்டு இரண்டாம் வாய் குடியுங்கள்.

மற்றவற்றில் கென்யாவின் எஸ்.எல்.28 எனக்கு மிகவும் உயர்ந்ததாகப் படுகிறது. 1930களில் ஸ்காட் ஆய்வுக்கூடத்தில் தேர்ந்தெடுத்த, வறட்சி தாங்கும் செடி அது. பிளாக்கரண்ட் பழத்தின் புளிப்பும் இனிப்பும் அதில் அழுத்தமாக இருக்கும். ரீயூனியனில் பூர்பனிலிருந்து தானாக மாறிப் பிறந்த கூர்முனைப் பூர்பனில் காஃபீன் சாதாரண அராபிகாவில் பாதியளவே. மென்மையான, கசப்பில்லாத காபி. பிரேசிலில் 1870இல் கண்டெடுத்த மராகொஜிப்பேயின் கொட்டை பெரிது என்பதற்காகவே விலை வைக்கிறார்கள். பருமனுக்கும் ருசிக்கும் சம்பந்தமில்லை.

நம் மலைகளுக்கும் இதில் பங்குண்டு. கர்நாடகத் தோட்டமொன்றில் தேர்ந்தெடுத்த கென்ட் ரகத்தை எஸ்.288 என்ற செடியோடு இணைத்து, பாலெஹொன்னூர் ஆய்வு நிலையம் 1940களில் தந்தது எஸ்.795. அந்த எஸ்.288க்குள் லிபெரிகா என்ற வேறு காபி இனத்தின் ரத்தமும் ஓடுகிறது; துரு நோயைத் தாங்கும் சக்தி அங்கிருந்து வந்ததுதான். ஏற்காட்டிலும் பழனி மலையிலும் வளரும் இதை இளவறுவலாக வாங்கினால் வெல்லமும் லேசான மசாலா வாசமும் தெரியும்.

இளவறுவல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கருக வறுத்தால் எல்லா ரகமும் ஒரே கசப்பில் முடியும். சிக்கரியும் பாலும் மெல்லிய மணத்தை மூடிவிடும் என்பதால், முதல் கோப்பையாவது வெறுமனே குடிக்க வேண்டும். இன்னொன்று: கெய்ஷா என்ற பெயரில் மரபணு வேறான செடிகளும் உலவுகின்றன, மலாவியில் விளைவது பனாமாவின் செடியே அல்ல. பனாமாச் செடியும் தாழ்வான இடத்தில் வளர்ந்தால் அந்த மல்லிகை வராது. தோட்டத்தின் பெயரும் உயரமும் அச்சிடாத பாக்கெட்டுக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.