மதியமே விட்டுவிட்டால் என்ன?

ஐப்பசி பிறந்துவிட்டால், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டில் காலை ஐந்தரைக்கே டி.வி. ஓட ஆரம்பித்துவிடும். ஆட்சியர் விடுமுறை விட்டாரா இல்லையா என்பதுதான் அன்றைய முதல் செய்தி. விட்டுவிட்டு வெயில் அடித்தால் நாள் முழுக்கக் கிண்டல்; விடாமல் மழை கொட்டினால் நாள் முழுக்கத் திட்டு. இரண்டையும் தாண்டி மூன்றாவதாக ஒரு நாள் உண்டு. விடுமுறை இல்லை, பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள், பதினொரு மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. ‘கொட்டுவதற்குள் மதியமே விட்டுவிட்டால் என்ன?’ என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்பார். அடுத்த நிமிடம் நாற்பது பேர் கட்டைவிரலைத் தூக்குவார்கள்.

கேள்வி நியாயமானதுதான். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம்.

புயல், மழை, இடி என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை மூன்றும் வேறு வேறு. எது எவ்வளவு பலமானது என்று பார்ப்பதற்கு முன்னால், எது எவ்வளவு நேரத்துக்கு முன்பே சொல்லிவிட்டு வருகிறது என்று பார்க்க வேண்டும்.

வங்கக் கடலில் உருவாகும் புயல் நாள் கணக்கில் அவகாசம் தரும். இந்திய வானிலை ஆய்வுத் துறை நான்கு கட்டமாக அதை அறிவிக்கிறது: 72 மணி நேரத்துக்கு முன் அதிகாரிகளுக்கு முதல் தகவல், 48 மணி நேரத்துக்கு முன் அடுத்தது, 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை, கரையைக் கடப்பதற்கு 12 மணி நேரம் முன்பாக இன்னொன்று. 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை வர்தா சென்னையைத் தாக்கியபோது ஞாயிறன்றே விடுமுறை சொல்லிவிட்டார்கள். அன்று பிற்பகல் புயலின் கண் நகரத்தை ஒட்டிக் கடந்தபோது காற்று சட்டென்று அடங்கியது. ‘முடிந்தது’ என்று தெருவுக்கு வந்தவர்களை, சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடித்தது. அந்த இடைவெளியில் ஒரு பள்ளி வேன் தெருவில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இப்படி முன்கூட்டியே தெரியும் புயலுக்கு அரைநாள் என்ற பேச்சே வரக் கூடாது. முந்தின நாள் மாலையே முடிவு சொல்லிவிட வேண்டும்.

சிக்கல் பெருமழையில்தான். 2021 டிசம்பர் 30, வியாழக்கிழமை நினைவிருக்கிறதா? அன்றைக்கு இவ்வளவு மழை இருக்கும் என்று காலையில் யாரும் சொல்லவில்லை. மதியத்துக்கு மேல் பிடித்தது, சில மணி நேரத்தில் சென்னையின் நடுப்பகுதியிலேயே 15 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. 20 செ.மீ.யைத் தாண்டினால்தான் ‘அதிகனமழை’ என்று பெயர், அதுவும் ஒரு முழு நாளுக்கான கணக்கு. சுரங்கப்பாதைகளை மூடினார்கள். அலுவலகம் விட்ட கூட்டம் சாலையிலேயே நின்றது. மெட்ரோ ரயிலைக் கூடுதல் நேரம் ஓட்ட வேண்டியிருந்தது. பள்ளி, கல்லூரிகளுக்கான விடுமுறை மறுநாளைக்குத்தான் வந்தது. இந்த மாதிரி மழைக்கு நம் கையில் இருப்பது, ‘அடுத்த 3 மணி நேரத்தில் இந்த மாவட்டங்களில் மழைக்கு வாய்ப்பு’ என்று வானிலை மையம் அவ்வப்போது தரும் அறிவிப்பு. வாசித்துவிட்டு எளிதாகத் தாண்டிப் போகிறோமே, அந்த மூன்று மணி நேரத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பள்ளியின் பக்கம் வருவோம். நகரத்தில் ஒரு நடுத்தரப் பள்ளி, ஆயிரம் பிள்ளைகள் என்று வையுங்கள். பதினொரு மணிக்கு அறிவிப்பு வருகிறது. தலைமையாசிரியர் தானாக முடிவெடுக்கத் தயங்குவார். மேலே கேட்பார், அதில் அரை மணி. பெற்றோருக்குக் குறுஞ்செய்தி போகும். பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். வேன் ஓட்டுநர் காலை நடையை முடித்து வண்டியை ஓரங்கட்டிவிட்டு வேறு சவாரிக்குப் போயிருப்பார்; அவர் வந்து சேர இன்னொரு முக்கால் மணி. எல்.கே.ஜி. குழந்தையை யாரிடம் ஒப்படைப்பது என்று வாசலில் டீச்சர் கையில் பட்டியலோடு நிற்பார். அம்மாவின் போன் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ இருக்கும். வழக்கமாக அழைத்துப்போகும் தாத்தாவுக்கு விஷயமே தெரிந்திருக்காது. வேன் கிளம்பும்போது பன்னிரண்டரை தாண்டிவிடும். காய்ந்த நாளில் ஒரு மணி நேரம் எடுக்கும் சுற்று, தூறல் விழுந்தாலே ஒன்றரை, இரண்டு மணி ஆகும். கடைசிப் பிள்ளை வீட்டுப் படி ஏறும்போது இரண்டரை.

ஆக, முடிவெடுத்ததிலிருந்து கடைசிப் பிள்ளை வீடு சேர மூன்றரை மணி நேரம். நமக்குக் கிடைத்த அவகாசம் மூன்று. அந்தக் கடைசி அரை மணி நேரத்தில் யார் வேனுக்குள் இருப்பார்கள்? பள்ளியிலிருந்து மிகத் தொலைவில், பெரும்பாலும் தாழ்வான புதுக் குடியிருப்பில் இருக்கும் பிள்ளைகள். எந்தச் சாலையில் முதலில் தண்ணீர் ஏறுமோ அந்தச் சாலையில் அவர்கள்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஒரு பள்ளி மட்டும் விடாது, எல்லாப் பள்ளியும் விடும். கூடவே பிள்ளையை அழைக்க வேண்டும் என்று அலுவலகங்களும் காலியாகும். அமெரிக்காவின் அட்லாண்டாவில் 2014 ஜனவரி 28 அன்று இதுதான் நடந்தது. விழுந்த பனி மூன்று அங்குலம்கூட இல்லை. ஆனால் பனி தொடங்கிய பிறகு பள்ளிகள், அரசு அலுவலகங்கள், கம்பெனிகள் எல்லாம் மதியம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கதவைத் திறந்துவிட்டன. கல்யாண மண்டபத்தில் மூன்று பந்திக்கான கூட்டம் முதல் பந்திக்கே எழுந்த கதைதான். சாலைகள் அடைத்துக்கொண்டன, நின்ற வண்டிகளுக்கு அடியில் பனி உறைந்தது, உப்பு தூவ வந்த லாரியும் அதே நெரிசலில் மாட்டியது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அன்றிரவு பள்ளியிலேயே தூங்கினார்கள். பேருந்துக்குள் இரவைக் கழித்தவர்களும் உண்டு. பள்ளியில் தங்கியவர்களுக்குக் கூரை இருந்தது, உணவுக்கூடம் இருந்தது, ஆசிரியர் கூட இருந்தார். சீக்கிரம் கிளம்பி வழியில் மாட்டியவர்களின் பாடுதான் பெரும்பாடு.

ஊர்ப்புறத்துக்குப் போனால் கணக்கு இன்னும் மாறும். ஒன்பதாம் வகுப்புப் பெண் எட்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள கிராமத்திலிருந்து இலவசப் பாஸில் வருகிறாள். அந்த ஊருக்கு மாலை டவுன் பஸ் நாலரைக்கு. இரண்டு மணிக்கு மணியடித்து அனுப்பினால் அவள் எங்கே போவாள்? பஸ் வரும்வரை பேருந்து நிறுத்தத்தில், அது இல்லாத ஊரில் சாலையோரப் புளியமரத்தடியில். இடி, மின்னலுக்கு ஒதுங்கவே கூடாத இடம் அதுதான். காலை பத்தரைக்கே அனுப்பினாலோ மதியச் சத்துணவு போய்விடும்.

வீட்டுக்குப் போய்விட்டால் பத்திரம் என்பதும் பாதிதான் சரி. அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போன வீட்டில், பூட்டைத் திறந்து உள்ளே போகும் பத்து வயதுப் பிள்ளை அடுத்த அரை மணியில் தெருத்தண்ணீரில் நிற்கும். 2017 நவம்பர் 1 அன்று சென்னை கொடுங்கையூரில், தேங்கிய மழைநீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். மழை நாளில் ஆபத்து பெரும்பாலும் வானத்திலிருந்து இறங்குவதில்லை. கணுக்கால் அளவுத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது.

‘அப்படியானால் எப்போதும் பள்ளியிலேயே வைத்திருக்கலாமே?’ என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு எதிர்க்கதை உண்டு. 2007 மார்ச் 1, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் என்டர்பிரைஸ் என்ற ஊர். சுழல்காற்றாக வரும் சூறாவளிக்கு (டொர்னாடோ) எச்சரிக்கை இருந்ததால் உயர்நிலைப் பள்ளியில் மாணவர்களை நடைக்கூடங்களில் உட்காரவைத்தார்கள். மதியம் ஒரு மணிக்கு மேல் சூறாவளி பள்ளியின் மீதே ஏறியது. ஒரு நடைக்கூடத்தின் சுவரும் கூரையும் சரிந்து எட்டு மாணவர்கள் இறந்தார்கள். ‘ஏன் சீக்கிரம் விடவில்லை?’ என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்தது. ஆனால் மறுநாள் படங்களில் பள்ளியின் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்தது: மாணவர்களின் கார்கள் நசுங்கி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அந்த நேரத்தில் மணியடித்திருந்தால் பலர் அவற்றுக்குள் இருந்திருப்பார்கள். அந்த வகைச் சூறாவளிக்குக் கிடைக்கும் எச்சரிக்கை பல சமயம் பத்து, பதினைந்து நிமிடம்தான். அதற்குள் யாரையும் எங்கேயும் அனுப்ப முடியாது. பிள்ளைகளை உள்ளே வைத்தது சரி, உள்ளே இருந்த இடத்துக்கு அந்தக் காற்றைத் தாங்கும் வலு இல்லை. பின்னாளில் அந்த மாநிலம் புதிதாகக் கட்டும் பள்ளிகளில் சூறாவளியைத் தாங்கும் பாதுகாப்பு அறையைக் கட்டாயமாக்கியது.

நமக்கும் இதில் பாடம் உண்டு. 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தபோது புயலும் இல்லை, மழையும் இல்லை. அதற்குப் பிறகுதான் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களை இடிக்கும் வேலை மாநிலம் முழுக்க வேகம் பிடித்தது. ‘பள்ளியே பத்திரம்’ என்று சொல்ல வேண்டுமானால் கூரை ஒழுகாத, சுவர் ஊறாத ஓர் அறையாவது இருக்க வேண்டும். அது எந்த அறை என்று ஐப்பசிக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே என் கணக்கு இது. கடைசிப் பிள்ளை வீடு சேரும் நேரத்தைக் கேளுங்கள், மேலே ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் மழை பிடிக்காது என்று உறுதியாகத் தெரிந்தால் தாராளமாக அனுப்பலாம். தெரியாவிட்டால் அனுப்பக் கூடாது. ஏற்கெனவே பிடித்துவிட்டால் நாலு மணியானாலும் வைத்திருக்க வேண்டும், தேவைப்பட்டால் ஏழு மணிவரைக்கும். அப்படி வைத்திருக்கும் பள்ளியில் குடிதண்ணீர், பிஸ்கட், டார்ச், பிள்ளைகளோடு இருக்க நாலு ஆசிரியர், எல்லாப் பெற்றோரின் இரண்டாவது போன் எண் இவ்வளவும் இருந்தால் போதும். செலவு அதிகமில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ‘மழைக்கு லீவு விடுவீர்களா?’ என்று கேட்காதீர்கள். அது ஆட்சியர் பாடு. ‘எங்கள் பிள்ளையின் வேன் சுற்று எவ்வளவு நேரம், மாலை ஏழு மணிவரை வைத்திருக்க வேண்டி வந்தால் எந்த அறையில் வைப்பீர்கள்?’ என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால், பதினொரு மணிக்கு வானம் இருட்டும்போது வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் தூக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இருக்காது.