பட்டாசு வாங்காமல் விட்டால் பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்களா?



தீபாவளி நெருங்கும் மாதங்களில் எங்களுக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். சிவகாசித் தீப்பெட்டியையும் பட்டாசையும் வாங்குவதில்லை என்று எங்கள் சபையார் தீர்மானித்தால் அங்குள்ள பிள்ளைகளுக்கு விடுதலை கிடைக்குமா என்று கேட்கிறார்கள். வெளிநாட்டு நண்பர்கள் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், பிள்ளைகள் கைபட்ட சரக்கைத் தங்கள் துறைமுகத்திலேயே தடுக்கும்படி அரசுக்கு மனுக் கொடுக்கலாமா என்று எழுதுகிறார்கள்.

அன்பினால் எழும் கேள்வி இது. ஆனாலும் ஆம், இல்லை என்று ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. கல்வியை ஆராய்கிறவர்களும், நாடுகளுக்கிடையேயான வாணிபச் சட்டத்தை ஆராய்கிறவர்களும், தொழிலாளர் சுகாதாரத்தை ஆராய்கிறவர்களும் பல ஆண்டுகளாக இதே கேள்வியைத் தனித்தனியே கையில் எடுத்திருக்கிறார்கள். ஒருவர் எழுதுவதை மற்றவர் அதிகம் வாசிப்பதில்லை என்பது எங்கள் மனத்தாங்கல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிறவரோ மூன்று துறைக்கும் ஒரே ஆள்தான். ஆகையால் அவர்கள் கண்டவற்றை ஒன்றாகச் சேர்த்து, எங்களுக்கு விளங்கிய அளவில் இங்கே எழுதுகிறோம்.

வாணிபச் சட்டம் தொழிலாளியின் உடலைக் காத்ததுண்டா? உண்டு, அதுவும் தீக்குச்சி விஷயத்திலேயே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தீக்குச்சியின் தலையை வெள்ளைப் பாஸ்பரஸ் கொண்டு செய்தார்கள். அந்த ஆவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளருக்கு முதலில் பல்வலி வரும். பிறகு தாடை எலும்பே செத்து அழுகும். லண்டனில் 1888ல் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1891ல் இரட்சணிய சேனையை நிறுவிய வில்லியம் பூத், தீங்கு குறைந்த சிவப்புப் பாஸ்பரஸைக் கொண்டு தீப்பெட்டி செய்யும் ஆலையை அதே நகரில் திறந்து, தொழிலாளருக்கு அதிகக் கூலியும் கொடுத்தார். நல்ல முயற்சிதான். ஆனால் விலை சற்றுக் கூடுதல். ஜனங்களோ மலிவான பெட்டியையே வாங்கினார்கள். பத்து ஆண்டுகளில் அந்த ஆலை கைமாறிவிட்டது. வாங்குகிறவர்களின் மனச்சாட்சியை மட்டும் நம்பினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அது ஒரு பாடம்.

1906ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் சில நாடுகள் கூடி, வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைச் செய்வதில்லை, இறக்குமதி செய்வதில்லை, விற்பதில்லை என்று உடன்படிக்கை செய்தன. அமெரிக்கா 1912ல் அதன்மேல் கடும் வரி போட்டு, இறக்குமதியையும் ஏற்றுமதியையும் தடுக்கச் சட்டம் செய்தது. இந்தியாவில் 1913ல் தடைச்சட்டம் வந்தது. அப்போது சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலே கிடையாது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பி இங்கே தொடங்கியது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்துத்தான். அதற்குள் விஷம் சட்டத்தால் விலக்கப்பட்டிருந்தது. எனவே தாடை அழுகும் அந்த நோயைப் பற்றி எங்கள் பகுதி மக்கள் கேள்விப்பட்டதுகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் கிடைத்த ஒரு பாதுகாப்பு அது.

சிவகாசியின் தொழிலுக்கு வழி திறந்ததிலும் வாணிப வரிக்குப் பங்குண்டு. 1922ல் வெளிநாட்டுத் தீப்பெட்டி ஒரு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் இறக்குமதித் தீர்வை விதிக்கப்பட்டது. ஸ்வீடன் நாட்டுக் கம்பெனி அந்த மதிலைத் தாண்ட, விம்கோ என்ற பெயரில் இந்தியாவிலேயே யந்திர ஆலை வைத்தது. மானம் பார்த்த கரிசல் பூமியில் எங்கள் ஜனங்கள் கைத்தொழிலாய்த் தொடங்கினார்கள். பின்னாளில் யந்திர ஆலைகளைவிடக் கையால் செய்கிறவர்களுக்கு அரசு கலால் வரியைக் குறைத்து வைத்தது. ஏழைகளுக்கு வேலை கிடைக்கட்டும் என்பதே நோக்கம். ஆனால் குச்சிகளை ஒவ்வொன்றாகக் கட்டையில் அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் எண்ணிக்கைக் கூலி வேலைகள். எத்தனை கட்டை, எத்தனை குரோஸ் என்பதுதான் கணக்கு. செய்வது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. பிள்ளைகளின் சின்ன விரல்கள் அப்படித்தான் அந்தக் கணக்குக்குள் வந்தன. முன்பணம் வாங்கிய பெற்றோர், விடியுமுன்னே கிராமத்துக்கு வரும் ஆலை பஸ், தூக்கக் கலக்கத்தில் ஏறும் சிறுமிகள். இதையெல்லாம் 1983ல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் ஸ்மிது கோத்தாரி எழுதியபோதுதான் வெளியூர்க்காரர் பலருக்குச் சிவகாசியின் மறுபக்கம் தெரிந்தது.

அந்தப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இருந்ததில்லை. ஒருவர் எண்ணுக்கும் மற்றொருவர் எண்ணுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். எண்ணைவிட, 1991ல் மைரன் வீனர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் எழுப்பிய வாதமே எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. வறுமை ஒழிந்தால் பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள் என்று நாம் காத்திருக்கிறோம். நம்மைவிட ஏழ்மையில் இருந்த தேசங்கள் காத்திராமல் பள்ளியைக் கட்டாயமாக்கின என்றார் அவர். படித்த நடுத்தர மக்களின் மனப்போக்கே தடை என்றும் சொன்னார். அதை ஏற்காதவர்கள் உண்டு. நாங்கள் பாதிக்குமேல் ஏற்கிறோம்.

இனித் துறைமுகத்தில் தடுக்கும் விஷயத்துக்கு வருவோம்.

நாடுகளின் வாணிபத்தை ஆளும் காட் ஒப்பந்தம் 1947ல் எழுதப்பட்டது. அதன் 20ஆம் பிரிவு, மனித உயிரையும் சுகாதாரத்தையும் காக்க ஒரு நாடு சரக்கைத் தடுக்கலாம் என்கிறது. சிறைக் கைதிகள் செய்த சரக்கையும் தடுக்கலாம். பிள்ளைகள் செய்த சரக்கைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. விஷம் சரக்கிலேயே இருந்தால் பெட்டியைத் திறந்து பார்த்துச் சொல்லிவிடலாம். ஒரு பிள்ளையின் போய்விட்ட பள்ளிக்காலத்தைப் பெட்டியைத் திறந்து எப்படிக் காண்பது? சட்ட அறிஞர்கள் இன்றுவரை வாதாடுவது இந்த இடத்தில்தான்.

1992ல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின், பிள்ளைத் தொழிலாளர் செய்த பொருளின் இறக்குமதியைத் தடுக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவேயில்லை. ஆனால் வரப்போகிறது என்ற பயமே போதுமாயிருந்தது. வங்காளதேசத்து ஆயத்த ஆடை ஆலைகள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வெளியே அனுப்பின. அனுப்பப்பட்டவர்களைத் தேடிப் போனபோது பலர் பள்ளியில் இல்லை. கல் உடைக்கிற இடம், தெருவோரம், அதைவிடக் கேவலமான இடங்கள் என்று சிதறியிருந்தார்கள். யூனிசெஃப் 1997ஆம் ஆண்டு அறிக்கையில் இதை ஒளிக்காமல் எழுதியது. 1995 ஜூலை 4 அன்று ஆலை உரிமையாளர் சங்கமும், யூனிசெஃபும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. பள்ளியில் இடம் ஆயத்தமான பின்பே பிள்ளையை ஆலையிலிருந்து எடுப்பது, படிக்கும் காலத்தில் உதவித்தொகை கொடுப்பது என்பது அதன் சாரம். முதல் முறையில் இல்லாதது இந்த வரிசைதான்.

1996 டிசம்பர் மாதம் ஒரு வாரம் எங்களுக்கு மறக்கமுடியாதது. 9ஆம் தேதி முதல் 13ஆம் தேதி வரை உலக வாணிப அமைப்பின் அமைச்சர்கள் சிங்கப்பூரில் கூடினார்கள். தொழிலாளர் நியதிகளை வாணிபச் சட்டத்தோடு கட்டவேண்டும் என்று செல்வ நாடுகள் கேட்டன. இந்தியா உட்பட வளரும் நாடுகள் எதிர்த்தன. அது தொழிலாளர் அமைப்பின் வேலை, எங்கள் வேலையல்ல என்று முடித்துவிட்டார்கள். செல்வ நாடுகளின் இரக்கத்தில் சொந்த ஆலைகளைக் காக்கும் எண்ணமும் கலந்திருந்தது. நம் நாட்டின் எதிர்ப்பில் நம் குறையை மூடும் எண்ணமும் கலந்திருந்தது. அதே வாரம், 10ஆம் தேதி, டெல்லியில் உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில் தீர்ப்பளித்தது. அபாயத் தொழிலில் பிள்ளையை வைத்த முதலாளி பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்டவேண்டும். அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தரவேண்டும், இயலாவிட்டால் 5,000 ரூபாய் சேர்க்கவேண்டும். அந்தப் பணத்தின் வட்டி, பிள்ளை பள்ளிக்குப் போகும்வரை வீட்டுக்குச் சேரும். நடைமுறையில் எவ்வளவு நிறைவேறியது என்பது வேறு விஷயம். ஆனால் கூலி போன வீட்டுக்கு என்ன செய்வது என்று சிங்கப்பூரில் எழாத கேள்வியை நீதிபதிகள் எழுப்பினார்கள்.

பிறகு வந்த ஆய்வுகளும் இந்தக் கேள்வியையே சுற்றி வருகின்றன. பரத்வாஜ், லக்தாவாலா, லீ ஆகிய மூவரும் இந்தியாவின் 1986ஆம் ஆண்டுப் பிள்ளைத் தொழிலாளர் தடைச் சட்டத்தை ஆராய்ந்தார்கள். சட்டத்துக்குப் பின் பிள்ளைகளின் கூலி குறைந்தது; அந்தக் குறையை ஈடுகட்ட ஏழை வீடுகள் இன்னும் அதிகம் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பின என்று கண்டார்கள். வாசிக்க வேதனையான முடிவு. இதற்கு எதிர்ப்பக்கம் வியட்நாம். அங்கே அரிசி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு தளர்ந்து, விவசாயிக்கு நல்ல விலை கிடைத்தபோது, பிள்ளைகள் வேலைக்குப் போவது குறைந்தது என்று எட்மண்ட்ஸ், பவ்ச்னிக் ஆகியோர் 2005ல் எழுதினார்கள். வாணிபம் பெருகினால் பிள்ளைகள் சுரண்டப்படுவார்கள் என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை.

சிவகாசிப் பட்டாசில் பெரும்பங்கு வெளிநாட்டுக்குப் போவதேயில்லை. நம் வீதிகளிலேயே வெடித்துத் தீர்கிறது. அமெரிக்கத் தொழிலாளர் துறை 2009ல் வெளியிட்ட பட்டியலில் இந்தியப் பட்டாசும் தீப்பெட்டியும் இடம்பெற்றன. நாட்டின் மானத்துக்கு அது ஒரு குத்துதான். ஆனால் அந்நியத் துறைமுகம் மூடினாலும் திறந்தாலும் இங்கே உலைக்கு அரிசி ஏறுவது உள்நாட்டுச் சந்தையால்.

அப்படியானால் பிள்ளைகள் எதனால் குறைந்தார்கள்? உரிமம் பெற்ற ஆலைகளில் அவர்கள் வரிசையாய் உட்கார்ந்திருந்த காட்சி இன்று இல்லை. வீடுகளிலும் உரிமமில்லாக் கொட்டகைகளிலும் முற்றிலும் ஒழிந்தது என்று சத்தியம் பண்ணமாட்டோம். தீர்ப்பும் சோதனையும் ஒரு காரணம். 1988ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் ஒரு காரணம். மதிய உணவு பெரிய காரணம் என்பது எங்கள் எண்ணம். விருதுநகரில் பிறந்து, தாமே பள்ளிப் படிப்பை இடையில் விட்ட காமராஜர் 1956ல் அதை விரிவாய்த் தொடங்கினார், 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவாகப் பெருக்கினார். இந்தியப் பள்ளி உணவைப் பற்றி 2021ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, சிறுவயதில் அந்த உணவைச் சாப்பிட்ட பெண்களுக்குப் பிறந்த பிள்ளைகளிடம் வளர்ச்சிக் குன்றல் குறைவு என்று காட்டியது. ஒரு தட்டுச் சோறு இரண்டு தலைமுறைக்கு மருந்தாகிறது. மருந்துச் சீட்டு எழுதும் எங்கள் டாக்டர்கள் இதை வாசித்துச் சற்றுப் பொறாமைப்பட்டார்கள்!

இனி மீதியிருப்பது பெரியவர்களின் உடல். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் மாண்டவர்களும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் மாண்டவர்களும், பெரும்பாலும் குடும்பத்தைத் தாங்கிய பெரியவர்கள். மருந்துக் கலவையில் சின்ன உரசல் போதும். உடுத்தியிருப்பது நைலான் சேலையானால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பிழைத்தவர்களுக்கும் வாரக்கணக்கில் கட்டு, தோல் ஒட்டு, பிறகு மூட்டு இறுகிப் போகாமல் மாதக்கணக்கில் பயிற்சி.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் காற்றின் சுத்தத்துக்காகப் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடைசெய்தது. சுவாச நோயாளிகளைப் பார்க்கும் நாங்கள் அதைக் குறைசொல்லமாட்டோம். ஆனால் அடுத்த மாதமே ஆலைகள் கதவடைத்தபோது கூலியின்றி நின்றது யார்? ஹார்கின் மசோதாவின் கதையை இன்னொரு முறை வாசிப்பதுபோல் இருந்தது.

சில கதவுகள் மெல்லத் திறக்கின்றன. 2017 ஜூன் 13 அன்று இந்தியா பிள்ளைத் தொழிலைப் பற்றிய 138, 182ஆம் சர்வதேச உடன்படிக்கைகள் இரண்டையும் ஏற்றது. 2024 மார்ச்சில் சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் நாடுகளோடு செய்த வாணிப ஒப்பந்தத்தில் தொழிலாளரையும் சுற்றுச்சூழலையும் பற்றி ஓர் அத்தியாயத்தையே சேர்த்தது. சிங்கப்பூரில் மறுத்ததன் ஒரு பங்கை இப்போது தானாகவே எழுதியிருக்கிறது.

ஆகையால், வாங்காதிருப்பது உங்கள் மனச்சாட்சியின் காரியம்; அதற்கு நாங்கள் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அதனால் மட்டும் ஒரு பிள்ளை பள்ளிக்கு வந்துவிடும் என்று எண்ணவேண்டாம். தீக்காயத்தோடு தாய் படுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதை நாங்கள் காண்கிறோம். ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் மூத்த மகள் துணைக்கு வந்து கட்டிலருகே உட்காருகிறாள். முதல் வாரம் லீவு. ஆறாம் வாரம் பள்ளியில் பெயர் நீக்கம். கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயது வரைதான். 14க்கு மேல் 18க்குள் உள்ளவர்களை வெடிமருந்து வேலைக்கு வைக்கக்கூடாது என்று 2016ல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் வீட்டிலிருந்து தாயைக் கவனி என்றோ, பள்ளிக்குப் போ என்றோ அது சொல்வதில்லை.

ஆகவே தீக்காய நோயாளி வந்தால், என்ன மருந்துக் கலவை, இ.எஸ்.ஐ. அட்டை உண்டா என்பவற்றோடு, வீட்டில் எந்தப் பிள்ளை எந்த வகுப்பு என்பதையும் சேர்க்கைத் தாளிலேயே கேட்டு எழுதுகிறோம். பகலில் நோயாளிக்குத் துணையிருக்க ஒரு பெண்மணிக்குச் சம்பளம், பிள்ளைக்குப் பஸ் செலவு, தேவையானால் விடுதிக் கட்டணம். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். இதற்கெனத் தனியாக அனுப்புகிறவர்கள் மணியார்டர் படிவத்தின் அடியில் "தீக்காயப் பிரிவு, பள்ளி" என்று குறித்தால் போதும்.