வீடு கட்டும் முன் ஒரு ஃபோல்டர் திறங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "இதை வைத்து வீட்டுக்கு உபயோகமாக என்ன செய்யலாம்?" என்பதுதான். கரண்ட் பில் கட்டலாம், ரயில் டிக்கெட் எடுக்கலாம் என்று முன்பெல்லாம் சொல்வேன். இப்போது நான் சொல்லும் பதில் வேறு. "உங்கள் வீட்டைக் கட்டியபோது தெரிந்துகொண்ட எல்லாவற்றையும் அதில் போட்டு வையுங்கள்."

இதற்கு நாலெட்ஜ் மேனேஜ்மென்ட், அதாவது அறிவு மேலாண்மை என்று பெயர். சாஃப்ட்வேர் கம்பெனியில் நான் தினமும் செய்யும் வேலைதான் இது. ஆனால் அதன் அருமையை எனக்குப் புரிய வைத்தது கம்பெனி அல்ல. இராமேஸ்வரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூரை.

பெயர்ந்து விழுந்த பூச்சு

எங்கள் வீடு 2005-ல் கட்டியது. 2024-ம் ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள், பின்னறையில் அப்பத்தாவின் கட்டில் மேல் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. நல்லவேளையாக அப்பத்தா அப்போது திண்ணையில் இருந்தார். அண்ணாந்து பார்த்தால் கம்பிகள் துருவேறி உப்பியிருந்தன. இரண்டு காண்ட்ராக்டர்கள் வந்து பார்த்தார்கள். இருவரும், "மொத்தக் கூரையையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், ஆறு லட்சம் ஆகும்" என்றார்கள். அப்பா பணி ஓய்வு பெற்றவர். அந்த ஆறு லட்சம் ஏறக்குறைய அவருடைய சேமிப்பு முழுவதும்.

நான் ஊருக்குப் போனபோது அப்பா செல்போனும் கையுமாக இருந்தார். "கம்பி விலை ஆன்லைன்ல குறைவாப் போட்டிருக்கும்மா, ஆர்டர் பண்ணிடவா?" என்றார். "கொஞ்சம் பொறுங்கப்பா. எதனால துருப்பிடிச்சதுன்னு முதல்ல பார்ப்போம்" என்றேன்.

வீட்டைப் பற்றி எங்களிடம் இருந்தது ஒரு சிவப்பு ஃபைல் மட்டும்தான். பட்டா, பிளான், ஐந்தாறு சிமென்ட் ரசீதுகள். என்ன கம்பி, என்ன கலவை, எந்தத் தண்ணீர் என்று ஒரு வரிகூட இல்லை. எல்லாம் தெரிந்தவர் ஒருவர்தான், வீட்டைக் கட்டிய மேஸ்திரி. எழுபதைத் தாண்டியவர், தங்கச்சிமடத்தில் இருக்கிறார். அவரைப் பார்க்கப் போனோம்.

"மாமா, பின்னறைத் தளத்துக்கு எந்தத் தண்ணி ஊத்துனீங்க?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "முன்ஹாலுக்கு எல்லாம் லாரித் தண்ணிதான் பாப்பா. பின்னறைக்குத் தளம் போட்ட அன்னைக்கு லாரி வரல. ஆளுக வந்துட்டாக, கலவையும் போட்டாச்சு. வாசக்கிணத்துல இறைச்சு ஊத்துனோம். அது உப்புத் தண்ணி. அப்பாகிட்டகூடச் சொன்னேனே!" அப்பாவுக்கு அது நினைவே இல்லை.

பிறகு ஒரு கட்டட இன்ஜினியரை அழைத்து, இரண்டு தளங்களிலிருந்தும் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். கம்பி போட்ட கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000-ல் வெளியிட்ட ஐ.எஸ். 456 விதிநூல். பின்னறை அந்த அளவைத் தாண்டியிருந்தது. முன்ஹால் அளவுக்குள் இருந்தது. பின்னறைத் தளத்தை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். ஆன செலவு இரண்டு லட்சம். மிச்சமான நான்கு லட்சமும் ஒரு பெரியவரின் ஞாபகத்தில் இருந்தது. அவரும் மறந்திருந்தால்?

மனதில் இருப்பதும் ஏட்டில் இருப்பதும்

ஜப்பானைச் சேர்ந்த இகுஜிரோ நோனாகா, ஹிரோடாகா டாகேயுச்சி என்ற இரு பேராசிரியர்கள் 1995-ல் எழுதிய நூல் இந்தத் துறையில் பிரபலமானது. அனுபவத்தால் வந்து மனதுக்குள் இருக்கும் அறிவு ஒரு வகை, எழுதி வைத்து எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய அறிவு இன்னொரு வகை; முதலாவதை இரண்டாவதாக மாற்றுவது முக்கியம் என்று அவர்கள் விளக்கினார்கள். கட்டட வேலையில் பெரும்பகுதி முதல் வகைதான். வேலை முடிந்ததும் மேஸ்திரி, கம்பி கட்டுபவர், எலக்ட்ரீஷியன் எல்லோரும் வேறு வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள். அவர்களோடு அறிவும் போய்விடுகிறது.

இதற்கு நல்ல உதாரணம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1914-ல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் 1964 டிசம்பர் புயலில் பெரும் சேதமடைந்தது. கர்டர்கள் கடலுக்குள் போய்விட்டன. சீரமைக்கும் பொறுப்பு இ.ஸ்ரீதரனிடம் வந்தது. பல இடங்களிலிருந்து கர்டர்களைக் கொண்டுவர வேண்டியிருக்கும் என்ற நிலை. கடலடியில் கர்டர்கள் கிடக்கும் இடம் மீனவர்கள் மூலம் தெரியவந்தது. அவற்றைத் தூக்கி மீண்டும் பொருத்தி 46 நாட்களில் வேலையை முடித்தார்கள். மீனவர்களுக்குத் தெரிந்திருந்தது, கேட்க ஆள் இருந்தது. அதனால் காலம் மிச்சமானது.

அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில்கள் நின்றன. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. அதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், பாலிசிலாக்சேன் என்ற பாதுகாப்புப் பூச்சும் உண்டு. உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்ற நீண்ட அனுபவம், இப்போது பாலத்தின் வடிவமைப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. நம் வீட்டுக்கும் இதையே சிறிய அளவில் செய்யலாம்.

எப்படிச் செய்வது?

1. டெஸ்க்டாப்பில் ரைட் க்ளிக் செய்து புது ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, 'வீடு' என்று பெயர் கொடுக்கவும். அதற்குள் பிளான், ரசீது, போட்டோ, ஆடியோ, கணக்கு என ஐந்து ஃபோல்டர்கள் திறக்கவும்.

2. ஃபைல் பெயரில் முதலில் ஆண்டு, பிறகு மாதம், தேதி, கடைசியில் விஷயம் வரட்டும். உதாரணம்: '2025-03-14 பின்னறை தளம் கம்பி'. இப்படிப் பெயரிட்டால் கம்ப்யூட்டரே தேதி வாரியாக அடுக்கிக் கொடுக்கும்.

3. மூடி மறையப் போகும் எதையும் மூடும் முன் போட்டோ எடுக்கவும். கான்கிரீட் போடும் முன் கம்பி, பூசும் முன் ஒயர் பைப், மண் மூடும் முன் தண்ணீர்க் குழாய். பக்கத்தில் டேப்பை விரித்து வைத்து எடுத்தால் அளவும் பதிவாகிவிடும்.

4. எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் கால்க் திறந்து தேதி, இடம், பொருள், அளவு, விலை, கடை, தண்ணீர் எங்கிருந்து, குறிப்பு என்று எட்டுப் பத்திகள் போடவும். 'குறிப்பு' பத்தியைக் காலியாக விடாதீர்கள். 'லாரி வரவில்லை' என்பது போன்ற சின்ன விஷயம்தான் பின்னால் பெரிதாக உதவும்.

5. மேஸ்திரியிடம் எழுதித் தரச் சொல்லாதீர்கள், அவருக்கு நேரம் இருக்காது. அனுமதி கேட்டு, அவர் பேசுவதை செல்போனில் பதிவு செய்து ஆடியோ ஃபோல்டரில் போடவும்.

6. எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவிலும் காப்பி செய்து வேறு வீட்டில் வைக்கவும். கம்ப்யூட்டர் பழுதானால் வீட்டின் சரித்திரமும் போய்விடக் கூடாது அல்லவா?

ஆன்லைனில் வாங்குகிறீர்களா?

ஃபோல்டர் தயாரானால் ஆன்லைன் வியாபாரம் உங்களுக்குச் சாதகமாக மாறும். காரணம், எதை வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்குவீர்கள். கடலோரக் கட்டடத்தில் காற்றுக்கு நேராக இருக்கும் கான்கிரீட்டுக்கு 'கடுமையான சூழல்' என்ற பிரிவில், குறைந்தது எம்30 தரமும் கம்பிக்கு மேல் 45 மி.மீ. மூடுகனமும் வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. கலவைத் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது. உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை இன்ஜினியரிடம் கேட்டு, ஃபோல்டரில் எழுதிக்கொண்ட பிறகே விலை தேடுங்கள்.

கம்பி விலையை ஒப்பிடும்போது ஒரு சின்னக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி என்றால் 144-ஐ 162-ஆல் வகுக்க 0.89 கிலோ. 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி சுமார் 10.7 கிலோ. ஒருவர் கம்பிக்கு இவ்வளவு என்றும், இன்னொருவர் டன்னுக்கு இவ்வளவு என்றும் விலை சொன்னால் இந்தக் கணக்கை ஸ்பிரெட்ஷீட்டில் ஃபார்முலாவாகப் போட்டு ஒப்பிடலாம்.

விலையில் ஜி.எஸ்.டி. சேர்ந்ததா, லாரி வாடகை சேர்ந்ததா என்றும் பார்க்கவும். 'டெலிவரி இலவசம்' என்பது இராமநாதபுரத்தோடு நின்றுவிட்டால், மீதி 55 கிலோமீட்டர் உங்கள் செலவு! விலைப் பட்டியலில் தேதியும் முக்கியம். சிமென்டுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமானது. அதற்கு முந்தைய விலைப் பட்டியலை வைத்துப் போட்ட பட்ஜெட் தப்பாகிவிடும்.

முன்பணம் அனுப்பும் முன், விற்பவரின் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் டைப் செய்து பாருங்கள். கடையின் பெயரும், பதிவு நடப்பில் உள்ளதா என்பதும் தெரியும். தமிழ்நாட்டில் பதிவு செய்த எண் 33 என்று தொடங்கும். கம்பிக்கு ஐ.எஸ். 1786 தரச் சான்று கேட்டு வாங்கி, அதையும் ரசீது ஃபோல்டரில் போடவும்.

நீங்கள் விற்பவரா?

ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நண்பர்களுக்கும் வாய்ப்பு உண்டு. 2016 ஆகஸ்டில் தொடங்கிய ஜெம் தளத்தில் அரசு அலுவலகங்கள் பொருள் வாங்குகின்றன. ரயில்வேயின் டெண்டர்களுக்கு ஐ.ஆர்.இ.பி.எஸ். என்ற தளம் இருக்கிறது. அதில் பங்கேற்க டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் தேவை. அங்கேயும் கைகொடுப்பது ஃபோல்டர்தான். பழைய ரசீது, தரச் சான்று, செய்து முடித்த வேலையின் போட்டோ எல்லாம் ஒழுங்காக இருந்தால் விண்ணப்பம் நிரப்பும் வேலை எளிதாகும்.

எங்கள் வீட்டுப் பின்னறைக்குப் புதுத் தளம் போட்டாயிற்று. தளம் போட்ட அன்று மேஸ்திரி மாமா வந்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் லாரி வந்து நின்றதும் அப்பாவே போய் அதைப் போட்டோ எடுத்தார். அது இப்போது 'வீடு' ஃபோல்டரில், தேதியோடு இருக்கிறது. அப்பத்தாவின் கட்டிலும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

உங்கள் வீட்டைக் கட்டியவர் இன்றைக்கும் பக்கத்து ஊரில் இருக்கக்கூடும். இந்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.