ஸ்போர்ட்ஸ் காருக்கு டர்போ இன்ஜின்: நான்கு சிலிண்டரைத் தேர்ந்தெடுக்கும் முறை

டர்போசார்ஜர் என்பது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். சிவகாசியில் தயாராகும் வெடிக்கு இந்தத் தேவை இல்லை. மருந்தில் கலந்திருக்கும் வெடியுப்பு சூடேறியதும் தானே ஆக்சிஜனைக் கொடுத்துவிடும். இன்ஜினோ முழுக்க முழுக்க வெளிக்காற்றை நம்பியிருக்கிறது. பெட்ரோலைக் கூட்ட ஒரு பம்ப் போதும். காற்றைக் கூட்டுவதுதான் கடினம். அதற்கு மூன்று வழிகள் உண்டு: இன்ஜினைப் பெரிதாக்கலாம், வேகமாகச் சுழற்றலாம், அல்லது காற்றை அழுத்தி உள்ளே தள்ளலாம். எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு மூன்றாவது வழியே பெரும்பாலும் பொருந்துகிறது.

பழைய கார் ஒன்றில் இருக்கும் இன்ஜினைக் கழற்றிவிட்டு டர்போ இன்ஜினைப் பொருத்த நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது குதிரைத்திறனை. ஆனால் அந்த வண்டி ஓடுமா, எத்தனை நாள் ஓடும் என்பதைத் தீர்மானிப்பது வெப்பம். விருதுநகர் மாவட்டம் போன்ற வெயில் பூமியில் இது இன்னும் உண்மை.

டர்போ வேலை செய்யும் விதம்

பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியே சூடான புகையாக வீணாகிறது. அந்தப் புகையின் பாதையில் சிறு சக்கரம் ஒன்றை வைத்தால் அது சுழலும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். 1905-இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி இதற்குக் காப்புரிமை பெற்றார். 1920-களில் கப்பல் டீசல் இன்ஜின்களிலும், 1962-இல் அமெரிக்காவில் விற்பனைக் கார்களிலும் டர்போ வந்தது. 1983-இல் நெல்சன் பிக்கே பி.எம்.டபிள்யூ.வின் 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ இன்ஜினைக் கொண்டு ஃபார்முலா ஒன் பட்டத்தை வென்றார். டர்போ காரில் ஓர் ஓட்டுநர் உலகப் பட்டம் வென்றது அதுவே முதல் முறை. அந்த இன்ஜினின் அடிப்படை, சாலைக் கார்களுக்காக வார்க்கப்பட்ட இரும்பு பிளாக்.

சாதாரணக் கார் டர்போவின் சக்கரங்கள் உள்ளங்கையில் அடங்கிவிடும். தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் சுற்று வரை சுழலும். தண்டுக்கும் அதைத் தாங்கும் புஷ்ஷுக்கும் நடுவே இருப்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஒரு முனையில் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும் புகை, மறுமுனையில் வெளிக்காற்று, நடுவில் ஆயில். டர்போ கெடுவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை இந்த நடுப்பகுதியில்தான் தொடங்குகின்றன.

நான்கு சிலிண்டர் ஏன்

நான்கு சிலிண்டர் இன்ஜின் நீளம் குறைந்தது. ஒரே தலை, ஒரே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், ஒரே டர்போ போதும். ஆறு சிலிண்டர் இன்ஜினை வைத்தால் முன்பக்கம் கனத்து வளைவில் வண்டி திரும்ப மறுக்கும். மூன்று சிலிண்டரில் எடை இன்னும் குறையும். ஆனால் அதிர்வு கூடும், 200 குதிரையை எட்டுவதும் சிரமம்.

நான்கு சிலிண்டரில் ஒரு சிக்கலும் உண்டு. வழக்கமான எரியும் வரிசை 1, 3, 4, 2. கிராங்க் தண்டு 180 டிகிரி திரும்பும்போதெல்லாம் ஒரு சிலிண்டர் புகையைக் கக்கும். ஆனால் ஒவ்வொரு எக்ஸாஸ்ட் வால்வும் 180 டிகிரிக்கு மேல் திறந்திருக்கிறது. அதனால் ஒரு சிலிண்டரின் புகை முழுதாக வெளியேறும் முன்பே அடுத்ததன் புகை வந்து அதைத் தள்ளுகிறது. சூடான புகையில் கொஞ்சம் சிலிண்டருக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. இதைத் தவிர்க்க 1-ஐயும் 4-ஐயும் ஒரு குழாயிலும், 2-ஐயும் 3-ஐயும் மற்றொரு குழாயிலும் சேர்த்து, டர்போவின் வாய் வரை தனித்தனியே கொண்டு போகிறார்கள். அப்போது ஒவ்வொரு குழாயிலும் புகைத் துடிப்புகளுக்கு நடுவே 360 டிகிரி இடைவெளி கிடைக்கும். ட்வின் ஸ்க்ரோல் டர்போ என்பது இதுதான். குறைந்த வேகத்திலேயே டர்போ விழித்துக்கொள்ளும். இரண்டு இன்ஜின்கள் மற்ற எல்லா வகையிலும் சமமாக இருந்தால் ட்வின் ஸ்க்ரோல் உள்ளதை எடுப்பது நல்லது.

டர்போவின் அளவும் முக்கியம். சின்ன டர்போ சட்டென்று சுழலும், ஆனால் உயர் வேகத்தில் மூச்சு முட்டும். பெரிய டர்போ உச்சத்தில் அள்ளிக் கொடுக்கும், ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்த பிறகு காத்திருக்க வேண்டும். வளைவுகள் நெருக்கமான தடத்தில் அந்தக் காத்திருப்பு நேர இழப்பு. வளைவின் நடுவே திடீரென்று விசை வந்தால் பின்சக்கரம் வழுக்கும் அபாயமும் உண்டு.

வெப்பக் கணக்கு

காற்றை அழுத்தினால் சூடாகும். சித்திரை வெயிலில் 40 டிகிரியில் இருக்கும் காற்றை இருமடங்கு அழுத்தத்துக்குக் கொண்டு போவதாகக் கொள்ளலாம். 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரசரிலிருந்து அது ஏறத்தாழ 140 டிகிரியில் வெளிவரும். சூடான காற்று விரிந்திருக்கும். திணித்ததன் பலனில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். இன்டர்கூலர் வழியே அதை 60 டிகிரிக்குக் குளிர்வித்தால், அதே அழுத்தத்தில் ஏறத்தாழ கால் பங்கு கூடுதல் காற்று சிலிண்டருக்குள் போகும். கம்பெனி பொருத்திய இன்டர்கூலர் அந்தக் காரின் முகப்பை வைத்துக் கணக்கிட்டது. வேறு காரில் பொருத்தும்போது எதிர்காற்று நேராகப் படும் இடமும், படும் காற்று வெளியேற வழியும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

சூட்டினால் வரும் பெரிய ஆபத்து நாக்கிங். சீரான இன்ஜினில் பெட்ரோல் வெடிப்பதில்லை, எரிகிறது; ஸ்பார்க் பிளக்கில் தொடங்கும் தீ புஸ்வாணம் பொங்குவதுபோல் படிப்படியாகப் பரவிப் பிஸ்டனைத் தள்ளுகிறது. காற்று அளவு மீறிச் சூடாகியிருந்தால், தீ போய்ச் சேரும் முன்பே மூலையில் உள்ள கலவை தானாகப் பற்றிக்கொண்டு வெடி போல் ஒரே கணத்தில் தீர்ந்துவிடும். அந்த அதிர்ச்சியில் பிஸ்டனின் விளிம்பு உடையும், ரிங் நொறுங்கும். இதனால்தான் டர்போ பெட்ரோல் இன்ஜின்களின் அழுத்த விகிதத்தைச் சற்றுக் குறைத்து, பெரும்பாலும் 9 முதல் 10.5 வரை வைக்கிறார்கள். டர்போ இல்லாத இன்ஜினில் வெளியிலிருந்து டர்போவைக் கட்டுவதைவிட, டர்போவுக்கென்றே பிறந்த இன்ஜினை எடுப்பது பாதுகாப்பானது என்பதற்கும் இதுவே காரணம். அதன் பிஸ்டன், வால்வு, ஆயில் பாதை எல்லாமே அந்தச் சூட்டுக்கென வடிவமைக்கப்பட்டவை.

எரிபொருளும் இந்தக் கணக்கில் சேரும். இந்தியாவில் சாதாரண பெட்ரோல் பல ஆண்டுகள் 91 ஆக்டேனாகவும், உயர்வகை 95 ஆகவும் இருந்தன. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் பெட்ரோலைச் சில நகரங்களில் கொண்டுவந்தது. எளிதில் கிடைக்கும் பெட்ரோலுக்கு ஏற்ற அழுத்தத்தை அமைப்பதே புத்திசாலித்தனம். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும். ஆவியாகும்போது உள்காற்றைக் குளிர்விக்கவும் செய்யும். ஆனால் லிட்டருக்கு ஆற்றல் குறைவு. பழைய இன்ஜினின் ரப்பர் குழாய்களையும் சீல்களையும் அது அரிக்கக்கூடும். ஆகவே இன்ஜெக்டரும் பம்பும் கூடுதல் அளவைத் தரவல்லவையாகவும், குழாய்கள் எத்தனாலைத் தாங்குபவையாகவும் இருக்க வேண்டும்.

கைக்கு எட்டும் இன்ஜின்கள்

ஃபியட்டின் 1.4 லிட்டர் டி-ஜெட் இந்தியாவில் லீனியா காரில் வந்தது. பிறகு அபார்த் புன்டோவில் 145 குதிரையுடன் வந்தது. இதே குடும்பத்து இன்ஜின்தான் 2014 முதல் இத்தாலிய ஃபார்முலா 4 பந்தயக் கார்களில் ஏறத்தாழ 160 குதிரையுடன் ஓடியது. பந்தயத்தில் பழகிய இன்ஜின் என்பதால் அதன் பலவீனங்கள் தெரிந்தவை, தீர்வுகளும் தெரிந்தவை. ஆனால் ஃபியட் கார்கள் இந்தியச் சந்தையை விட்டுப் போய்விட்டதால் உதிரி பாகம் தேடி அலைய நேரும்.

ரெனோவின் 1.3 லிட்டர் டர்போ 2020-இல் டஸ்டரில் வந்தது. 156 குதிரை, 254 நியூட்டன் மீட்டர் டார்க். டஸ்டர் தயாரானது சென்னையை அடுத்த ஒரகடத்தில். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஓடிய இந்திய ஃபார்முலா 4 கார்களிலும் ரெனோ குழுமத்தின் அல்பீன் பெயரில் 1.3 லிட்டர் டர்போவே இருந்தது.

ஹூண்டாயின் 1.5 லிட்டர் டர்போ 160 குதிரை, 253 நியூட்டன் மீட்டர் தரும். 2023 வெர்னாவில் வந்தது. அந்தக் கார் தயாராவது இருங்காட்டுக்கோட்டையில். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் இருப்பதும் அதே ஊரில். ஃபோக்ஸ்வாகனின் 1.5 டி.எஸ்.ஐ. 150 குதிரை தரும். இவை புதியவை, பாகம் கிடைக்கும். ஆனால் நேரடி உட்செலுத்தல் முறையில் உயர் அழுத்தப் பம்பும் சிக்கலான மின்னணுவும் உண்டு.

மேற்சொன்னவை எல்லாமே முன்சக்கரக் கார்களுக்காகக் குறுக்குவாட்டில் வைக்கப்பட்டவை. நீளவாட்டில், பின்சக்கரத்தை நோக்கிய கியர்பாக்ஸுடன் வேண்டுமென்றால் 2020 தாரில் வந்த மஹிந்திராவின் 2.0 லிட்டர் எம்-ஸ்டாலியனைப் பார்க்கலாம். 150 குதிரை, 300 நியூட்டன் மீட்டருக்குக் குறையாது. குறுக்குவாட்டு இன்ஜினையே ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்துப் பின்சக்கரத்தைச் சுழற்றுவது இன்னொரு வழி. 2012 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டப்பட்ட டி.சி. அவந்தி அப்படித்தான் அமைந்தது. விற்பனைக்கு வந்த அந்தக் காரில் ரெனோவின் 2.0 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ 250 குதிரை தந்தது.

காரும் இன்ஜினும் பொருந்துவது

சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1960-களில் தயாரித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டை உதாரணமாக எடுக்கலாம். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஹெரால்டின் சேஸிஸைச் சுருக்கி உருவானதுதான். தனிச் சேஸிஸ், நீளவாட்டு இன்ஜின், பின்சக்கர ஓட்டம், முகப்போடு சேர்ந்து முன்னால் கவிழும் பானெட் என்று இன்ஜின் மாற்றத்துக்கு வேண்டிய எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது பிறந்தது 948 சிசி இன்ஜினுக்காக; 40 குதிரைக்கும் குறைவு. அதில் 250 நியூட்டன் மீட்டர் டார்க்கை ஏற்றினால் முதலில் உடைவது டிஃபரன்ஷியலும் ஆக்ஸில் தண்டுகளும். அதன் பின்பக்க சஸ்பென்ஷனும் வேகத்தில் வளையும்போது சக்கரத்தை உட்புறம் மடக்கும் இயல்புடையது. அதனால் புதிய பின் ஆக்ஸில், டிஸ்க் பிரேக், பெரிய ரேடியேட்டர் மூன்றும் இன்ஜினுக்கு முன்பே திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

அளவெடுக்கும்போது தடுக்கும் இடங்கள் பெரும்பாலும் இவை: ஆயில் சம்ப் குறுக்குச் சட்டத்தில் இடிப்பது, டர்போவின் சூடான பக்கம் ஸ்டியரிங் தண்டையோ பிரேக் குழாயையோ உரசும் தூரத்தில் வருவது, பானெட் மூடாமல் போவது. டர்போவுக்குப் பக்கத்தில் போகும் எரிபொருள் குழாயையும் ஒயரையும் விலக்கி, நடுவே வெப்பத் தடுப்புத் தகடு வைப்பது கட்டாயம். இன்ஜினோடு அதன் சொந்தக் கியர்பாக்ஸையே எடுத்தால் அடாப்டர் தகடு, கிளட்ச், பைலட் பேரிங் என்ற வரிசைச் செலவு மிச்சம்.

வாங்கும்போது

சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய இன்ஜின் வாங்கும்போது இன்ஜினை மட்டும் வாங்கினால் பாதி வேலை தெருவில் நிற்கும். இன்ஜினின் கணினியான ஈ.சி.யு., முழு ஒயரிங், ஆக்ஸிலரேட்டர் பெடல், இம்மொபிலைசர் சாவி, சென்சார்கள், எரிபொருள் பம்ப் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். இன்ஜின் எண்ணும் ரசீதும் ஒத்துப்போவதும் முக்கியம்.

நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் அளவு ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். காற்றுக் குழாயைக் கழற்றி டர்போ தண்டை விரலால் அசைத்துப் பார்த்தால், பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இயல்பு. சக்கரம் உறையில் உரசினால் தேய்ந்துவிட்டது என்று பொருள். இன்டர்கூலர் குழாயில் ஆயில் தேங்கியிருந்தால் சீல் சந்தேகத்துக்குரியது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல், சம்ப்பில் கருகிய ஆயில் ஆகியவையும் முந்தைய வண்டி சூட்டில் வாடியதைச் சொல்லிவிடும்.

சட்டமும் ஓட்டமும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே வேறு கம்பெனியின் டர்போ இன்ஜின் ஏறிய காருக்குப் பொதுச் சாலையில் இடமில்லை. அதை லாரியில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டைக்கோ கோயம்புத்தூரின் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ கொண்டு போய் ஓட்ட வேண்டும்.

பொருத்தியபின் முதலில் குறைந்த அழுத்தத்தில் ஓட்டி, உள்காற்றின் சூடு, புகையின் சூடு, ஆயில் அழுத்தம், நாக்கிங் நான்கையும் அளந்து பதிவு செய்ய வேண்டும். நண்பகலில் அளந்த எண்ணையே கணக்கில் கொள்ள வேண்டும். அதிகாலையில் வரும் எண் ஏமாற்றும். நான்கும் எல்லைக்குள் நின்ற பிறகே அழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றலாம். தடத்தில் விரட்டியபின் உடனே அணைக்காமல் சில நிமிடம் ஐட்லிங்கில் விட்டால் டர்போவின் நடுப்பகுதி குளிரும். ஆயில் அங்கே கருகிப் படியாது. ஆயிலைக் கம்பெனி சொன்ன இடைவெளியில் பாதிக்குள் மாற்றினால் நல்லது.

தேர்வின் வரிசையை இப்படிச் சுருக்கலாம்: கார் எவ்வளவு டார்க்கைத் தாங்கும், இன்ஜின் எந்தத் திசையில் அமரும், அதன் சூட்டை வெளியேற்ற முகப்பில் இடமுண்டா, ஊரில் கிடைக்கும் பெட்ரோல் அதற்குப் போதுமா, பாகம் கிடைக்குமா. இந்த ஐந்துக்கும் விடை கிடைத்தபின் மிஞ்சி நிற்கும் ஓரிரு இன்ஜின்களுக்குள் அதிகக் குதிரைத்திறன் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம்.