நெஞ்சிலே இருந்தால் போதுமா?

நெமிலிச்சேரியை விட்டு அரக்கோணம் நோக்கிச் செல்லும் மின்சார இரயில் அடுத்து நிற்கும் ஊர் திருநின்றவூர். அங்கே இருதயாலீஸ்வரர் கோயில் என்னும் பழைய சிவாலயம் ஒன்று உண்டு. பொருள் வசதியற்ற பூசலார் என்னும் அடியார், தம் நெஞ்சிற்குள்ளேயே ஓர் ஆலயத்தை எழுப்பினார் என்றும், காஞ்சியில் கற்கோயில் கட்டிய மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, அவன் குறித்த நாளில் தாம் பூசலாரின் கோயிலுக்குச் செல்வதாக உரைத்தார் என்றும் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியுள்ளார். மன்னன் தேடி வந்து வினவியபோது, அப்படியொரு கோயில் இருப்பதை அவ்வூராரே அறிந்திருக்கவில்லையாம்.

நம் இல்லங்களில் நன்றியுணர்வும் பெரும்பாலும் இவ்வாறே இருக்கின்றது. உள்ளத்தில் மாளிகை போல் நிற்கிறது. உடன் வாழ்வோர் கண்ணுக்கோ தெரிவதில்லை. உள்ளத்தை ஊடுருவிக் காண்பவர் இறைவன் ஒருவரே. மனிதர்க்குச் சொல் வேண்டும்.

“பெற்ற தாய்க்கு நன்றி சொல்வதா? அது அந்நியர்க்கு அன்றோ!” என்பார் நம்மில் பலர். இதில் அன்பு இல்லாமல் இல்லை. கணக்குப் பாராத உறவைக் கடனாக்கிவிடக் கூடாதே என்னும் கூச்சமே காரணம். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும், ஆவடித் தொழிற்சாலைகளுக்கும், சென்னை நகருக்கும் விடியற்காலையில் வண்டியேறும் நம்மவர்க்காக, நான்கு மணிக்கே அடுப்பு மூட்டும் தாய்மார் எத்தனை பேர்! குழம்பில் உப்புக் குறைந்தால் உடனே சொல்லும் நமது நாவு, சுவையாய் அமைந்த நாட்களில் ஏன் வாளாவிருக்கிறது?

நன்றி மறவாத மண் நம் தமிழ் மண். திருவள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். மேற்கே ஓடிய பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய முல்லைப் பெரியாறு அணை 1895-ஆம் ஆண்டு நிறைவுற்றது. அதனை அமைத்த பொறியாளர் ஜான் பென்னிகுயிக் பிறந்த நாளாகிய ஜனவரி 15 அன்று, தேனி மாவட்ட மக்கள் இன்றும் பொங்கலிட்டு மகிழ்கின்றனர். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகின்றனர். 2013-இல் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது. போற்றத்தக்க நன்றியே. ஆனால் அவரோ 1911-லேயே இங்கிலாந்தில் கண்மூடிவிட்டார். அம்மணிமண்டபத்தை அவர் காணவில்லை.

கல்லறைத் திருநாளில் நாம் காண்பதும் இதுவே. நவம்பர் 2 அன்று மலர் தூவி, மெழுகுதிரி ஏற்றி, கண்ணீர் மல்க நிற்கும் பிள்ளைகள் அன்று மனத்திற்குள் சொல்லும் சொற்கள் எத்துணை இனியவை! இறைவன் அவற்றைக் கேட்கிறார். ஆனால் அச்சொற்களுக்காக ஏங்கிய செவிகள் அடைந்துபோயின.

லூக்கா நற்செய்தியின் 17-ஆம் அதிகாரத்தில், தொழுநோயாளர் பதின்மர் நலம் பெறுகின்றனர். பதின்மர் நெஞ்சிலும் மகிழ்ச்சி பொங்கியிருக்கும். திரும்பி வந்து காலில் விழுந்தவனோ ஒருவன், அவனும் சமாரியன். ஏனைய ஒன்பதின்மர் எங்கே என ஆண்டவர் வினவினார். உள்ளத்தை அறிந்த அவரே, வாய்விட்டுச் சொல்லும் நன்றியை எதிர்பார்த்தார் என்பதை மறவாதிருப்போம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்ச்சி’ என்னும் மடலில், குடும்பத்திற்கு இன்றியமையாத மூன்று சொற்களுள் ஒன்றாக ‘நன்றி’யைக் குறிப்பிட்டார். அச்சொல் கூச்சம் தருமாயின், செய்த செயலையே பெயரிட்டுச் சொல்லலாம். “அம்மா, அன்று நீங்கள் வளையலை அடகு வைத்ததால் அல்லவா நான் கல்லூரிக்குப் போனேன்!” “அக்கா, எங்களை வளர்க்கத்தானே உன் படிப்பை நிறுத்தினாய்!” இவ்வாறு சொல்வது கடன் தீர்ப்பதாகாது; கண்டுகொண்டோம் என்று அறிவிப்பதாகும். எழுத்தறிவித்த ஆசிரியருக்கு ஒரு கடிதம், தெருவைத் தூய்மை செய்பவரிடம் இரண்டு கனிந்த சொற்கள் என இது வீட்டிற்கு வெளியேயும் விரியட்டும்.

இன்று மாலைக் குடும்பச் செபம் முடிந்ததும் எழுந்து விடாதீர்கள். ஒவ்வொருவரும் மற்றொருவரை நோக்கி, அவர் செய்த ஒரு நன்மையைச் சொல்லுங்கள். சிறுபிள்ளைகள் தொடங்கட்டும், பெரியோர் பின்தொடரட்டும்.