பலூன் வீட்டில் ஒரு காலி அறை

2009-இல் பிக்ஸாரின் 'அப்' திரைக்கு வந்தபோது அமெரிக்காவில் அதற்குக் கிடைத்தது 'பி.ஜி.' சான்றிதழ். பெரியவர்கள் பக்கத்தில் இருப்பது நல்லது என்று அதற்கு அர்த்தம். காரணமாகச் சொல்லப்பட்டது ஒரே வரி: ஆபத்தான கட்டங்களும் கொஞ்சம் அடிதடியும் உண்டு. பிரிட்டனில் அதே படத்துக்கு, எல்லோரும் பார்க்கலாம் என்கிற 'யு'. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுப் போன அப்பா அம்மாக்கள் துரத்தும் நாய்களுக்கும் துப்பாக்கிக்கும் தயாராகத்தான் போயிருப்பார்கள். ஆனால் படம் தொடங்கிக் கால் மணி நேரம் ஆவதற்குள் அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டிவந்தது. அப்போது திரையில் நாயும் இல்லை, துப்பாக்கியும் இல்லை.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 78 வயது கார்ல், மனைவியை இழந்தவர். வாழ்நாள் முழுக்க பலூன் விற்றவர். வீட்டை இடிக்க ஆள் வந்து நிற்கிறது. ஆயிரக்கணக்கான பலூன்களைக் கட்டி வீட்டையே தூக்கிக்கொண்டு, மனைவி எல்லி சிறுவயதில் ஆசைப்பட்ட தென் அமெரிக்க அருவிக்குப் பறக்கிறார். திண்ணையில் நின்றிருந்த எட்டு வயது ரஸ்ஸலும் தெரியாமல் கூடவே போய்விடுகிறான். முதியவர் ஒருவருக்கு உதவி செய்தால்தான், சாரணர் மாதிரி ஒரு குழுவில் இருக்கும் அவனுக்குக் கடைசி பேட்ஜ் கிடைக்கும். அங்கே பறக்காத பெரிய பறவை ஒன்று, பேசும் நாய் ஒன்று, அந்தப் பறவையைப் பிடிக்கக் காத்திருக்கும் பழைய சாகசக்காரர் மன்ட்ஸ். (பலூனால் வீடு பறக்குமா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு: உண்மையான வீட்டைத் தூக்க இரண்டு, மூன்று கோடி பலூன் வேண்டும் என்று பிக்ஸார்காரர்களே கணக்குப் போட்டிருக்கிறார்கள். வீடு கிளம்பும் காட்சிக்கு அவர்கள் வரைந்தது இருபதாயிரத்துச் சொச்சம்தான்.)

இனி, கண்ணைத் துடைக்கவைத்த அந்த நாலு நிமிடம். கல்யாணத்தில் தொடங்கி மனைவியின் சாவில் முடியும் ஒரு முழு வாழ்க்கை, ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் ஓடுகிறது. மைக்கேல் ஜியாக்கினோவின் ஒரே மெட்டு, முதலில் துள்ளலாக, பிறகு மெதுவாக, கடைசியில் தனிப் பியானோவாக. இசைக்கு ஆஸ்கர் கிடைத்ததில் ஆச்சரியமில்லை. இருவரும் புல்வெளியில் படுத்து மேகங்களைப் பார்க்கிறார்கள். மேகமெல்லாம் குழந்தைகளாகத் தெரிகின்றன. ஓர் அறைக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். அடுத்த காட்சி மருத்துவமனை. எல்லி முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கார்ல் அவள் தோளில் கை வைத்திருக்கிறார். கரு கலைந்ததா, குழந்தையே பிறக்காது என்றார்களா, படம் சொல்லவில்லை. அதன்பிறகு அருவிக்குப் போவதற்காக ஒரு கண்ணாடி ஜாடியில் காசு சேர்க்கிறார்கள். கார் டயர் பஞ்சர், ஜாடி உடைகிறது. கார்லுக்குக் கால் முறிவு, மறுபடி உடைகிறது. கூரையில் மரம் விழுகிறது, மறுபடியும். நம் வீடுகளில் கல்யாணத்துக்கென்று எடுத்துவைத்த பணம் ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

அமெரிக்கத் தரம் பிரிக்கும் குழுவில் இருப்பவர்கள் பெற்றோர்கள்தான். ஒரு படத்தில் வன்முறை எவ்வளவு, கெட்ட வார்த்தை உண்டா, உடல் காட்டப்படுகிறதா, போதைப்பொருள் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து அவர்கள் தீர்மானிக்கிறார்கள். இவற்றில் சேராத கனமான விஷயங்களுக்கென்று 'கருப்பொருள்' என்று பொதுவாக ஒரு சொல்லும் அவர்களிடம் உண்டு. செத்துப்போனவர்களின் ஊருக்குப் பையன் ஒருவன் போய்வரும் 'கோகோ' 2017-இல் வந்தபோது பி.ஜி.க்குக் காரணமாகச் சொன்னது அந்தச் சொல்லைத்தான். 'அப்' இயக்குநர் பீட் டாக்டரே (டாக்டர் என்பது குடும்பப் பெயர்) 2015-இல் எடுத்த 'இன்சைட் அவுட்'டுக்கும் அதே சொல் வந்தது. 'அப்'புக்கு மட்டும் வரவில்லை. இன்னொரு வேடிக்கை: தம்பி அண்ணனைக் கொன்று அரசனாகும் 'லயன் கிங்' 1994-இல் எல்லோரும் பார்க்கலாம் என்கிற 'ஜி' வாங்கியது. ஆகவே சான்றிதழில் உள்ள எழுத்தை வைத்து ஒரு படத்தின் சுமையை எடைபோட முடியாது. இந்தியாவிலும் 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 'யு/ஏ' சான்றிதழை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் துக்கத்துக்கு வயது போட எந்த அட்டவணையாலும் ஆகாது.

சரி, சான்றிதழ் சொன்ன 'ஆபத்தும் அடிதடியும்' எவ்வளவு? கெட்ட வார்த்தை, ஆபாசம் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. தபால்பெட்டியில் கைவைத்த கட்டடத் தொழிலாளியின் தலையில் கார்ல் கைத்தடியால் அடித்துவிடுகிறார், ரத்தம் தெரிகிறது. ஒரு பிக்ஸார் படத்துக்கு இது கொஞ்சம் அதிகமே. அதற்காக நீதிமன்றம் அவரை முதியோர் இல்லத்துக்குப் போகச் சொல்கிறது என்பதால் தண்டனையும் கணக்கில் வந்துவிடுகிறது. மன்ட்ஸின் நாய்க் கூட்டம் துரத்தும் காட்சிகள் ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பயமுறுத்தலாம். தலைவன் நாயைப் பேசவைக்கும் கருவி பழுதாகிக் கீச்சுக்குரலில் பேசும்போது அந்தப் பயம் பாதி ஓடிப்போகும்.

மன்ட்ஸ்தான் உண்மையில் கலவரப்படுத்துகிறவர். விருந்துக்கு உட்கார்ந்திருக்கும்போது, தனக்கு முன்னால் இந்தப் பக்கம் வந்தவர்களின் தலைக்கவசங்களை ஒவ்வொன்றாகக் கைத்தடியால் தட்டி விழவைக்கிறார். அவர்கள் என்ன ஆனார்கள் என்று சொல்வதில்லை. குழந்தைக்குப் புரியாது, பெரியவர்களுக்கு முதுகு சில்லிடும். முடிவில் பலூன் கயிறு காலில் சிக்கி உயரத்திலிருந்து அவர் விழுகிறார். இது டிஸ்னியின் பழைய வித்தை. 1937-இன் 'ஸ்னோ ஒயிட்'டில் சூனியக்கார ராணி மலைமுகட்டிலிருந்து விழுந்தாள். 1991-இன் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்'டில் காஸ்டன் கோட்டையிலிருந்து விழுந்தான். வில்லன் சாக வேண்டும், கதாநாயகன் கையில் ரத்தம் படக்கூடாது என்றால் இருக்கவே இருக்கிறது புவியீர்ப்பு. இவ்வளவு நுணுக்கமான படத்தில் இந்தக் குறுக்குவழி எனக்கு ஒப்பவில்லை.

வேறொரு உறுத்தலும் உண்டு. எட்டு வயதுப் பையன் முன்பின் தெரியாத கிழவரோடு கண்டம் விட்டுக் கண்டம் போகிறான், அவன் அம்மாவுக்கு யாரும் தகவல் சொல்வதாகக் காட்டவில்லை. கடைசியில் பேட்ஜ் வழங்கும் விழாவில் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார் அந்த அம்மா. அவ்வளவுதான். சாகசக் கதைகளில் இதெல்லாம் பார்க்கக்கூடாது என்பார்கள். ஆனால் அதே படம் அவன் அப்பா விஷயத்தில் எவ்வளவு கவனமாக இருக்கிறது பாருங்கள். அப்பாவைத் தொந்தரவு செய்யாதே என்று ஃபிலிஸ் என்ற பெண் சொன்னதாக ரஸ்ஸல் சொல்கிறான். உன் அம்மாவைப் பெயர் சொல்லியா கூப்பிடுவாய் என்கிறார் கார்ல். ஃபிலிஸ் என் அம்மா இல்லையே என்கிறான் பையன். உடைந்த ஒரு குடும்பத்தின் கதை இவ்வளவுதான், இரண்டு வரியில்.

இந்தப் படத்தில் நல்லொழுக்கம் என்று தேடினால் எல்லோரும் முதலில் சொல்வது கார்லின் வாக்குத் தவறாமையை. செத்துப்போன மனைவிக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்ற வீட்டையே முதுகில் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார். ஆனால் அந்த வாக்குதான் நடுவில் அவரைக் கெட்ட காரியம் செய்யவைக்கிறது. பறவையைப் பிடிக்க மன்ட்ஸ் வீட்டுக்கடியில் தீ மூட்டுகிறார். கார்ல் எதைக் காப்பாற்ற ஓடுகிறார்? வீட்டை. பறவை சிக்கிக்கொள்கிறது. நீங்கள் அதைக் கொடுத்துவிட்டீர்கள் என்று பையன் கலங்குகிறான். ஒன்றையே பிடித்துக்கொண்டு மற்றவர்களை மறந்த மன்ட்ஸுக்கும் அந்தக் கணத்துக் கார்லுக்கும் பெரிய வித்தியாசமில்லை. நல்ல குணமே அளவு மீறினால் எங்கே கொண்டுபோய்விடும் என்று குழந்தைப் படத்தில் காட்டத் துணிச்சல் வேண்டும்.

பிறகு அருவிக்கரையில் வீட்டை இறக்கி, நாற்காலியில் உட்கார்ந்து, எல்லியின் ஆல்பத்தைத் திறக்கிறார். இனிமேல் செய்யப்போகிறவை என்ற தலைப்புக்குப் பின்னால் வெற்றுத் தாள்கள்தான் இருக்கும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார். புரட்டினால், அவர்களுடைய அன்றாட வாழ்க்கையின் படங்கள். சாகசத்துக்கு நன்றி, இனி நீ புதிதாக ஒன்றைத் தேடிப் போ என்று எல்லி எழுதிவைத்த குறிப்பு. அதன்பிறகு கார்ல் செய்வதைப் பாருங்கள். பையனைத் தேடிப் போக வீடு எடை குறைய வேண்டும். மேசை, பீரோ, எல்லாவற்றையும் வெளியே தள்ளுகிறார். இரண்டு நாற்காலிகள் மட்டும் பாறையின்மேல் அருவியைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

வீட்டில் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாய்கள் துரத்தும்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போகலாம், பரவாயில்லை. ஆரம்ப நாலு நிமிடத்தில் பிள்ளைக்குப் பக்கத்தில் இருங்கள். சோகமாக இருக்கிறதே என்று ரிமோட்டை எடுத்து ஓட்டிவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பிற்பாதியில் அந்த ஆல்பம் வெறும் ஆல்பம். பிள்ளை பெரும்பாலும் அப்போது எதுவும் கேட்காது. இரண்டு நாள் கழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வரும் கேள்வி: "அந்த ரூமுக்கு எதுக்குப் பெயிண்ட் அடிச்சாங்க? அப்புறம் அங்க யாருமே இல்லையே?"