பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கா வானம்?

ஷிப்ட் முடிந்து பல்லடம் சாலையில் வரும் தோழர், தலைக்கு மேலே இடியென முழங்கிப் பாயும் போர் விமானத்தை அண்ணாந்து பார்க்கிறார். பக்கத்திலே சூலூர் விமானப்படைத் தளம். 2020 மே 27-இல் தேஜஸ் விமானங்களோடு 18-ஆம் படைப்பிரிவு மீண்டும் துவக்கப்பட்டது அங்கேதான். பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார், "அதெல்லாம் பெரிய எடத்துப் பிள்ளைகளுக்குங்க" என்கிறார்.

யார் சொன்னது? எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? குலப்பெருமைக்கு அங்கே மதிப்பெண் இல்லை. தகப்பனின் கையிருப்புக்கும் இல்லை. பின் எதற்குத்தான் உண்டு? கேளுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்த, பதினாறரை முதல் பத்தொன்பதரை வயதுக்குட்பட்டோர் தேசியப் பாதுகாப்பு அகாதெமித் தேர்வை எழுதலாம். 2021-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டபின் பெண்களுக்கும் அந்தக் கதவு திறந்தது. கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொதுத்திறனுக்கு 600. அதில் தேறியவருக்கு மைசூர், டேராடூன் போன்ற இடங்களிலுள்ள தேர்வு வாரியத்தில் ஐந்து நாள் சோதனை. அதற்கு மட்டும் 900!

முதல் நாளே பாதிவழியில் திரும்புவோர் உண்டு. மிஞ்சியவருக்கு 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி; மனத்தில் பட்டதை எழுத வேண்டும். மைதானத்தில் பலகை, கயிறு, பீப்பாய். குழுவாகத் தடை தாண்ட வேண்டும். தான் மட்டும் தாவிவிட்டு நிற்பவன் அங்கே தலைவனாவதில்லை.

அப்புறம் விமானிக்கென்றே ஒரு இயந்திரச் சோதனை. கையிலே பிடி, காலடியிலே பெடல், கண்ணெதிரே திரை. மூன்றும் ஒருசேர இயங்க வேண்டும். ஓவர்லாக் மெஷினில் காலால் மிதித்து, கையால் துணியை நகர்த்தி, கண்ணால் தையலைக் காக்கிறாளே நம் சகோதரி, அவள் குடும்பத்துக்கு இது புதிதா! ஆனால் ஒன்று: இந்தச் சோதனை வாழ்நாளில் ஒரே முறைதான். தவறினால் வேறு பிரிவுக்குப் போகலாம், விமானியாக முடியாது.

பிறகு மருத்துவர். உயரம் 162.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. தொடை 64 சென்டிமீட்டரைத் தாண்டவும் கூடாது. ஏனென்றால், ஆபத்தில் இருக்கையோடு வெளியே வீசப்படும்போது முழங்கால் மோதிவிடும். நிறம் பிரித்தறியும் கண் வேண்டும். சாயப்பட்டறையில் இரண்டு நீலத்துக்கு இடையிலுள்ள வேறுபாட்டைக் கண்டு சொல்பவர்களின் ஊர் இது!

ஆக, கண்ணும் கையும் நெஞ்சுறுதியும் இங்கே பஞ்சமில்லை. நம் பையன் விழுவது அந்த மைதானத்திலே அல்ல. அதற்கு வெகு முன்னாலேயே விழுந்துவிடுகிறான். பதினைந்து வயதிலே, "வணிகவியல் எடு, கம்பெனியில் கணக்கு எழுதலாம்" என்று யாரோ சொல்ல, இயற்பியலும் கணிதமும் போகின்றன. அவற்றோடு விமானமும் போகிறது. லீவுக்குக் கைமடிக்குப் போன இன்னொருவன், பள்ளிக்குத் திரும்புவதே இல்லை. வாரக்கூலி ருசி அப்படி; வீட்டு நிலைமையும் அப்படி. அவனைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இவற்றையும் கடந்து ஒருவன் வந்தால்? கணக்குத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகிறது. கான்பூர்ப் பிள்ளை தாய்மொழியில் படித்துக் கணக்கைப் போடுகிறான்; காங்கயத்துப் பிள்ளை அயல்மொழியைக் கடந்து கணக்குக்கு வர வேண்டும். சோதிப்பது கணக்கையா, மொழியையா?

ஆனாலும் தமிழில் திறக்கும் கதவு ஒன்று, நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. உடுமலைக்கு அருகே அமராவதிநகர் சைனிக் பள்ளி, 1962-இல் துவங்கியது. படையதிகாரிகளை உருவாக்கவே ஏற்பட்ட பள்ளி. ஆறாம் வகுப்பு நுழைவுத்தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். சேரும்போது வயது பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் இருக்க வேண்டும். அதாவது, கைமடிக்குப் போகும் வயதுக்கு முன்பே! அந்த நுழைவுத்தேர்வு ஆண்டுக்கு ஒருமுறை. அகாதெமித் தேர்வு ஆண்டுக்கு இருமுறை. தோழர்களே, உங்கள் கிளையின் படிப்பகச் சுவரில் இவற்றின் அறிவிப்புகள் ஒட்டப்பட்டிருக்கின்றனவா?